டூரிஸ்ட் வந்தா போதுமா பாஸ்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அத்திப்பள்ளி பக்கம் நின்னு வேடிக்கை பார்த்திருக்கீங்களா? எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்து கிளம்பின கார், ஆம்னி பஸ், பைக் எல்லாம் வரிசை கட்டி தமிழ்நாட்டுக்குள் நுழையும். ஜூஜுவாடி, ஓசூர் மேம்பாலம், சூளகிரி, கிருஷ்ணகிரி டோல்கேட்... அதோடு சரி. ஒரு கூட்டம் சேலம் ரோட்டில் திரும்பி ஏற்காடு போகும். இன்னொரு கூட்டம் சென்னை ரோட்டைப் பிடிக்கும். நம்ம ஊரில் அவங்க செலவழிச்சது என்ன? ஒரு டீ, ஒரு பாத்ரூம், ஒரு ஃபாஸ்டாக் 'பீப்'!

'அதனால என்னப்பா? ஓசூர்னா கம்பெனி. டூரிஸ்ட் எதுக்கு?' என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1970-களில் சிப்காட் வந்தது. பின்னாலேயே லாரி செய்கிற அசோக் லேலண்ட், மொபெட்டில் ஆரம்பித்த டி.வி.எஸ்., 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் என்று வரிசையாக வந்தன. ஷிஃப்ட் சைரன்தான் நம்ம ஊர் கோயில் மணி. ஆனா ஒரு விஷயம் யோசிங்க. டிப்ளமோ, ஐ.டி.ஐ., பி.இ. முடிச்சவனுக்கு கம்பெனி கேட் இருக்கு. அஞ்செட்டி மலையில் இருக்கிற அக்காவுக்கு? ராயக்கோட்டையில் டீக்கடை போட்டிருக்கிற அம்மாவுக்கு? பி.ஏ. வரலாறு படிக்கிற உங்க ஃப்ரெண்டுக்கு?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது ஏதோ செமினாரில் இல்லை. கம்ப்யூட்டர் கேமில்!

ஈஃபில் டவர் வாங்கிய ரூம்மேட்

ஊர் கட்டும் கேம்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த ஜாதிக்கெல்லாம் பாட்டன் 'சிம்சிட்டி'. 1989-ல் வந்தது. உருவாக்கியவர் வில் ரைட் என்ற அமெரிக்கர். அதற்கு முன்னால் ஹெலிகாப்டரில் பறந்து தீவுகளில் குண்டு போடுகிற ஒரு கேமை அவர் செய்துகொண்டிருந்தார். குண்டு போடுவதைவிட, அந்தத் தீவில் ரோடும் கட்டடமும் வரைவதுதான் ஜாலியாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்ற, பிறந்தது சிம்சிட்டி. நகரம் என்பது ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற கணக்கு என்று ஜே ஃபாரஸ்டர் என்ற பேராசிரியர் 1969-ல் எழுதிய புத்தகமும் அவருக்கு அடித்தளம். இன்றைக்கு பசங்க அதிகம் ஆடுவது 2015-ல் வந்த 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்'. பின்லாந்தில் ஒரு சின்ன டீம் செய்தது.

எங்க ஹாஸ்டல் ரூமில் ஒரு லேப்டாப். செமஸ்டர் லீவுக்கு முந்தைய வாரம். என் ரூம்மேட் 'புது ஓசூர்' என்று பேர் வைத்து ஒரு ஊர் கட்டினான். ஃபேக்டரி போட்டான், வரி வந்தது. 'மச்சி, இனிமே நம்ம ஊரு டூரிஸ்ட் ஸ்பாட்' என்று அறிவித்துவிட்டு, கையிலிருந்த காசைக் கொட்டி ஊர் ஓரத்தில் ஒரு ஈஃபில் டவரை நட்டான்! அப்புறம் இரண்டு நினைவுச் சின்னம், ஒரு பெரிய ஃபவுன்டன். டூரிஸ்ட்டும் வந்தாங்க. நாங்கள் கை தட்டினோம்.

ஆனா பட்ஜெட் பக்கத்தைத் திறந்தால் வாராவாரம் சிவப்பு. ஏன்?

காரணம் ரொம்ப சிம்பிள். அந்த கேமில் நினைவுச் சின்னம் என்பது வருமானம் கிடையாது, செலவு. ஒவ்வொரு வாரமும் பராமரிப்புக் காசு கழியும். டூரிஸ்ட் அதைப் பார்த்து வாயைப் பிளப்பதால் ஒரு பைசாவும் வராது. அவர் பக்கத்தில் இருக்கிற கடைக்குள் போய் எதையாவது வாங்கினால்தான் ஊருக்குக் காசு. பஸ்ஸிலோ டாக்ஸியிலோ ஏறினால்தான் டிக்கெட் வருமானம். நம்ம ஆள் டவரைச் சுற்றி ஒரு பொட்டிக்கடைகூட விடவில்லை. பஸ் ரூட் போடவில்லை. அதனால் எல்லாரும் சொந்த காரில் வந்தார்கள், ஹைவே இறக்கத்தில் ஜாம் ஆனது, ஜாமில் ஃபேக்டரி லாரிகளும் மாட்டிக்கொள்ள, ஃபேக்டரியிலிருந்து வந்த வரியும் குறைய ஆரம்பித்தது. டூரிசம் வந்து ஊரைக் காப்பாற்றும் என்று பார்த்தால், இருந்த சோற்றிலும் கை வைத்துவிட்டது!

கேம் சொல்லித் தருகிற 4 பாடம்

அதற்கப்புறம் நாலைந்து நாள் நாங்கள் உட்கார்ந்து அலசியதில் தேறியவை இவை.

ஒன்று: பார்க்கிற இடமும் செலவழிக்கிற இடமும் நடக்கிற தூரத்தில் இருக்கணும். 2015 செப்டம்பரில் வந்த 'ஆஃப்டர் டார்க்' என்ற கூடுதல் பகுதியில், ஒரு கடைத்தெருவையே 'டூரிசத்துக்கு' என்று ஒதுக்கும் வசதி வந்தது. சின்னத்தைச் சுற்றி அந்தத் தெருவைப் போட்டதும் புது ஓசூரின் சிவப்பு பச்சையானது.

இரண்டு: டூரிஸ்ட் என்பவர் ஒரு வண்டியும்தான். ரயில், பஸ் என்று வேறு வழி காட்டாவிட்டால் அவர் கொடுக்கிற காசைவிட அவர் உண்டாக்குகிற நெரிசல் பெரிசு.

மூன்று: டிக்கெட் விலை ஒரு தராசு. 2018 மே மாதம் வந்த 'பார்க் லைஃப்' பகுதியில் பூங்கா கேட்டில் நுழைவுக் கட்டணத்தை நீங்களே வைக்கலாம். ஏற்றினால் கூட்டம் குறையும். இறக்கினால் கூட்டம் வரும், கல்லா நிறையாது. ஒரே நாளில் பெரிய விலை வைக்க முடியாது. பூங்காவுக்குள் நாலு நல்ல விஷயம் சேர்த்து, பேர் வாங்கி, மெதுவாகத்தான் ஏற்ற முடியும்.

நான்கு: தங்கினால்தான் லாபம். இதில் ஒரு தமாஷ். கேம் வந்து எட்டு வருஷம் கழித்து, 2023 மே மாதம்தான் ஹோட்டல் நடத்துவதற்கென்றே தனியாக ஒரு பகுதியை விட்டார்கள். ரூம் வாடகையை வைக்கிற பொறுப்பு நமக்கு. சுற்றுவட்டாரத்தில் பார்க்க, வாங்க, காற்று வாங்க என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்து ஆள் வருவார். எட்டு வருஷம் டூரிஸ்ட் வந்தார், போனார். எட்டு வருஷம் கழித்துத்தான் அவருக்குப் படுக்க ஒரு கட்டில்!

நாலையும் சேர்த்தால் ஒரே வரி: எத்தனை பேர் வந்தாங்க என்பது கணக்கே இல்லை. எத்தனை மணி நேரம் இருந்தாங்க, அந்த நேரத்தில் யார் கையில் காசு கொடுத்தாங்க, அதுதான் கணக்கு.

இப்ப நம்ம மேப்பைத் திறப்போமா?

2004 பிப்ரவரி 9-ம் தேதி தர்மபுரியிலிருந்து பிரிந்தது கிருஷ்ணகிரி மாவட்டம். கேம் ஆடுகிறவன் கண்ணோடு அதைப் பாருங்க, வாயில் எச்சில் ஊறும். நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு என்ற பணக்கார அண்டை ஊர். நடுவில் காஷ்மீரில் இருந்து கன்னியாகுமரி வரை போகும் 44-ம் நம்பர் ஹைவே. கூடவே ரயில் பாதை. 2025 ஆகஸ்ட்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் லைன் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூர் கூப்பிடு தூரம்.

சரி, காட்டுவதற்கு என்ன இருக்கு? பட்டியல் போட்டால் மூச்சு வாங்கும். தொரப்பள்ளியில் 1878-ல் ராஜாஜி பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதலும் கடைசியுமான இந்திய கவர்னர் ஜெனரல், நம்ம ஓசூர்க்காரர்! ராயக்கோட்டையில் மலைக்கோட்டை. திப்பு சுல்தானோடு நடந்த சண்டையில் 1791-ல் ஆங்கிலேயர்கள் பிடித்தது. அடுத்த வருஷ ஒப்பந்தத்தில் பாராமகால் என்கிற இந்தப் பகுதி முழுக்க அவங்க கைக்குப் போனது. கிருஷ்ணகிரி ஊருக்கு நடுவிலேயே சையத் பாஷா மலை, அதன் மேலே ஒரு கோட்டை. மல்லசந்திரத்தில் பாறை மேல் வரிசையாகக் கற்திட்டைகள். பெருங்கற்கால மனிதர்கள் தங்கள் இறந்தவர்களுக்காகப் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்தது. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு சுமார் 4,200 வருஷம் பழையது என்று 2022 மே மாதம் சட்டசபையில் அறிவித்தார்கள். அதைவிடப் பழைய இரும்பு சிவகளையில் கிடைத்ததாக 2025-ல் அறிவிப்பு வந்தது வேற கதை. ஆனாலும் நாலாயிரம் வருஷம் சும்மாவா?

இன்னும் இருக்கு. ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் தேர். தளியின் 'லிட்டில் இங்கிலாந்து' குளிர். பெட்டமுகிலாளம் மலை. கே.ஆர்.பி. அணை. வருஷா வருஷம் கிருஷ்ணகிரியில் நடக்கும் மாங்கனிக் கண்காட்சி. காதலர் தினத்துக்கு வெளிநாடு பறக்கும் ஓசூர் ரோஜா.

கேமில் இவ்வளவு கிடைத்தால் நாம்தான் ராஜா. நிஜத்தில்? பெங்களூரு ஆளைக் கேட்டுப் பாருங்க. 'ஓசூரா? பிரியாணி நல்லா இருக்கும், வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் டி.என். 70' என்பார். அவ்வளவுதான்.

₹2,048-ல் ராயக்கோட்டைக்கு எவ்வளவு?

சும்மா பேசிக்கொண்டிருக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம். நான், ரூம்மேட், ஒரு கிளாஸ்மேட், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிற என் சித்தி பொண்ணு. நாலு பேர், ரெண்டு பைக். அவள்தான் எங்க 'டூரிஸ்ட்'. செலவு ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுவது என் வேலை.

காலையில் ஓசூரில் பெட்ரோல் ₹400. டிபன் ₹320. தொரப்பள்ளி வீட்டைப் பார்த்தோம், செலவு பூஜ்யம். வாசலில் ஒரு இளநீர்கூட வாங்கக் கிடைக்கவில்லை. அடுத்தது ராயக்கோட்டை. கோட்டை ஏறி இறங்கவே ரெண்டு மணி நேரம். மேலே காற்று சும்மா அள்ளிக்கொண்டு போனது. நாலு திசையும் பாறையும் ஏரியும் தெரிந்தது. சித்தி பொண்ணு எடுத்த போட்டோவுக்குக் கணக்கே இல்லை. இறங்கி வந்து டீ நாலு ₹48, தண்ணி பாட்டில் ₹20, மிளகாய்த்தூள் போட்ட கொய்யா ₹40. ஆக ₹108.

அப்புறம்தான் சுவாரசியம். ராயக்கோட்டை தக்காளிச் சந்தை தெரியுமில்லையா? கிரேட் கிரேட்டாக அடுக்கி, ஏலம் கூவி, லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சித்தி பொண்ணு அங்கேயே நின்றுவிட்டாள். கோட்டையில் கேட்காத கேள்வியெல்லாம் சந்தையில் கேட்டாள். 'ஒரு கிரேட்ல எத்தனை கிலோ? விலை யார் வைப்பாங்க? நேத்து எவ்ளோ?' கடைசியில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே ₹100-க்கு ஐந்து கிலோ கட்டிக் கொடுத்தார். கோட்டைக்குக் கிளம்பி தக்காளியோடு திரும்பினோம்!

பசி வயிற்றைக் கிள்ளியது. டீக்கடை அக்காவிடம் 'சாப்பாடு எதுவும் இருக்காக்கா?' என்றேன்.

'சாப்பாடு போட்டா யாரு கண்ணு சாப்பிடுவா? ஞாயித்துக்கிழமைன்னா நாலு பேரு வர்றாங்க, தண்ணி பாட்டில் கேக்கறாங்க, போயிடறாங்க. ஒரு நாளு ஆக்கி வெச்சி, மாட்டுக்குத்தான் ஊத்தினேன்.'

கிருஷ்ணகிரி போய் ஹைவே ஹோட்டலில் பிரியாணி ₹880. சாயங்காலம் கே.ஆர்.பி. அணையில் மீன் வறுவல் ₹240. மொத்தம் ₹2,048. அதில் நாங்கள் எதைப் பார்க்கக் கிளம்பினோமோ அந்த ராயக்கோட்டைக்குக் கிடைத்தது ₹208. அதிலும் பாதி தக்காளிக்கு!

புரியுதா பாஸ்? அந்த அக்கா சமைக்காததால் நாங்கள் சாப்பிடவில்லை. நாங்கள் சாப்பிடாததால் அவர் சமைக்கவில்லை. ₹880 அவர் கடை வாசல் வழியாகவே ஹைவேக்குப் போய்விட்டது. இந்த இடைவெளிதான் நம்ம ஊர் டூரிசத்தின் மொத்த நஷ்டம்.

கிளம்பும்போது அந்த அக்காவிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டோம். அடுத்த மாதம் எங்க டிபார்ட்மென்ட்டிலிருந்து பன்னிரண்டு பேர் கோட்டை ஏறக் கிளம்பினோம். முதல் நாளே போன் பண்ணிச் சொன்னோம். ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு, தலைக்கு ₹120. பன்னிரண்டு பேருக்கு ₹1,440. ஹைவேக்குப் போயிருக்க வேண்டிய காசு ராயக்கோட்டையிலேயே நின்றது. ஈஃபில் டவர் தேவைப்படவில்லை. ஒரு போன் கால் போதுமாக இருந்தது.

இன்னொன்றும் அந்த அக்கா சொன்னார். 'இருபத்தஞ்சு பேருக்கு மேல கூட்டியாராதே கண்ணு. தண்ணி பத்தாது.' இந்த வரியை அடிக்கோடு போட்டு வைங்க. திரும்ப வருவோம்.

ஒகேனக்கல் கற்றுத் தருவது

'காசு ஊருக்குள்ளேயே சுத்தற டூரிசம் எங்கயாவது இருக்கா?' என்றால், பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கு. ஒகேனக்கல்.

அங்கே என்ன நடக்குது என்று கவனியுங்க. பஸ்ஸை விட்டு இறங்கினதும் எண்ணெய் தேய்த்து விடுகிறவர் வருவார். குளித்துவிட்டு வந்தால் மீன் விற்கிறவர். அந்த மீனை நீங்க வாங்கிக் கொடுத்தால், மசாலா தடவி வறுத்து, குழம்பு வைத்துத் தர ஒரு அக்கா. அப்புறம் பரிசல் ஓட்டுகிறவர். பரிசல் பின்னுகிறவர் வேறு. ஒரே டூரிஸ்ட், அஞ்சு கை. பெரிய ரிசார்ட் கட்டி உள்ளேயே சோறு, உள்ளேயே மசாஜ், உள்ளேயே கடை என்று வைத்தால் அந்தக் காசு எந்த ஊர் ஆபீசுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? ஒகேனக்கல்லில் அது ஊட்டமலைக்காரர் வீட்டு அடுப்புக்குப் போகுது.

ஆனா அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. எல்லாமே ஒரே ஆற்றை நம்பியிருக்கு. கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து, பிலிகுண்டுலுவில் அளவு எகிறினால், குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. அன்றைக்கு அஞ்சு கையும் சும்மா. எத்தனை நாள் என்பது குடகில் பெய்கிற மழையைப் பொறுத்தது. ஒரே ஒரு சின்னத்தை நட்டுவிட்டு ஊரையே அதன் மேல் சாய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. நம்ம பக்கம் அந்தச் சிக்கல் கிடையாது. கோட்டை, சந்தை, தோட்டம், மலை, அணை என்று சின்னச் சின்னதாக நிறைய இருக்கு. ஒன்று மூடினாலும் இன்னொன்று திறந்திருக்கும். அதுதான் நம்ம பலம்.

கேம் காட்டாத பக்கம்

கேமை ஓவராகப் புகழ்ந்துவிட்டேனோ? அதன் பித்தலாட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கேமில் நிலம் காலியாக இருக்கும். ஒரு கிளிக், ஏர்போர்ட். நிஜத்தில் 2024 ஜூன் 27-ம் தேதி சட்டசபையில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்த ஓசூர் ஏர்போர்ட்டுக்கு 2,000 ஏக்கர் வேணும். வருஷத்துக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் அளவுக்குத் திட்டம். பெங்களூரு ஏர்போர்ட்டோடு போட்ட பழைய ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை புது ஏர்போர்ட்டுக்குக் கட்டுப்பாடு என்ற சிக்கலும் உண்டு. அதெல்லாம் வக்கீல்கள் பார்த்துக்கட்டும். நம்ம கவலை வேற. 2,000 ஏக்கர் என்றால் அதில் யாரோ ஒருத்தர் ரோஜா போட்டிருப்பார், யாரோ முட்டைகோஸ் போட்டிருப்பார். கேமில் புல்டோசர் சத்தம் மட்டும்தான் கேட்கும். யாரும் அழ மாட்டாங்க.

கேமில் யானையும் கிடையாது. நம்ம மாவட்டத்தில் உண்டு. ராகி கதிர் முற்றும் குளிர்கால மாசங்களில் பன்னேர்கட்டா காட்டில் இருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று வரும். 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று ரெண்டு வனவிலங்கு சரணாலயம் இந்தப் பக்கம் அறிவித்திருக்கிறார்கள். யானை போகிற வழியில் காட்டேஜ் கட்டி, கேம்ப்ஃபயர் போட்டு, டி.ஜே. வைத்தால் அது டூரிசம் இல்லை, வம்பு. யானை வழி மாறி யாருடைய ராகி வயலுக்குள் போகுமோ, அந்த பில் அந்த விவசாயிக்குத்தான் போகும். ரிசார்ட்டுக்கு வராது.

மூணாவது, நுரை. கெலவரப்பள்ளி அணையில் மழை பெய்து தண்ணீர் திறக்கும்போது வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி ரோட்டுக்கே வருவதைப் பார்த்திருப்பீங்க. தென்பெண்ணை பெங்களூரு பக்கத்துக் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு நம்மிடம் வருகிறது. கேமில் மாசு பரவினால் பக்கத்து நிலமெல்லாம் கலர் மாறும், உடனே தெரியும். சாக்கடைக் குழாய்க்கு எதிர்த்திசையில் தண்ணீர் பம்பை வைக்கணும் என்று முதல் நாளே கற்றுக்கொள்வோம். ஆனா கேமில் ஆற்றின் மேல் பக்கமும் நம்முடையதுதான். நிஜத்தில் மேல் பக்கம் இன்னொரு மாநிலம். பார்டரில் இருக்கிற ஊரின் தலைவிதி இது. டூரிஸ்ட்டும் அங்கிருந்துதான் வருகிறார், நுரையும் அங்கிருந்துதான் வருகிறது!

அதனால்தான் அந்த டீக்கடை அக்கா சொன்ன 'இருபத்தஞ்சு பேர்' எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அவர் எந்தப் படிப்பும் படிக்காமல் தன் ஊரின் கொள்ளளவை ஒரே வரியில் சொல்லிவிட்டார். லாபம் என்பது கூட்டம் சேர்க்கிற திறமை இல்லை. எங்கே போதும் என்று நிறுத்தணுமோ அங்கே நிறுத்துகிற தைரியம். வந்த நாலு பேர் தண்ணி பாட்டிலை மலை மேல் வீசிவிட்டுப் போனால், அதைப் பொறுக்குகிற செலவு யார் கணக்கில்? கேமில் பராமரிப்புச் செலவு வாராவாரம் தானாகக் கழியும். நம்ம ஊரில் அது யார் கணக்கிலும் ஏறாது. குப்பை மட்டும் ஏறும்.

உங்ககிட்ட ஒரு சொத்து இருக்கு

கடைசியாக, உங்களைப் பற்றி. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் படிக்கிறவரா நீங்க? அப்போ வீட்டில் ஒரு பாஷை, தெருவில் ஒரு பாஷை, பஸ் ஸ்டாண்டில் இன்னொரு பாஷை பேசியே வளர்ந்திருப்பீங்க. தமிழ், தெலுங்கு, கன்னடம், கொஞ்சம் உருது, இன்டர்வியூவுக்கு இங்கிலீஷ். 'எங்களுக்கு எந்தப் பாஷையும் சுத்தமா வராது' என்று நீங்களே உங்களைக் கிண்டல் பண்ணிக்குவீங்க. ஆனா ஒரு கைடுக்கு வேறென்ன வேணும்? பெங்களூரில் இருந்து வருகிற கன்னடக் குடும்பத்துக்கும் தெலுங்கு பேசுகிற ஐ.டி. பையனுக்கும் ராயக்கோட்டைக் கதையை அவங்க பாஷையிலேயே சொல்ல உங்களால் முடியும். இந்தத் திறமைக்கு எந்த யுனிவர்சிட்டியும் சர்டிஃபிகேட் கொடுக்காது. அதனாலேயே அதன் மதிப்பு நமக்குத் தெரியவில்லை.

பெரிய திட்டமெல்லாம் வேணாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வட்டம். காலையில் தொரப்பள்ளி, பத்து மணிக்கு ராயக்கோட்டை, மதியம் முன்கூட்டியே சொல்லி வைத்த ஒரு வீட்டுச் சாப்பாடு, அப்புறம் தக்காளிச் சந்தை, சாயங்காலம் கே.ஆர்.பி. அணை. மாம்பழ சீசனென்றால் ஒரு தோப்பையும் சேர்த்துக்கலாம். இருபது பேருக்கு மேல் வேண்டாம். குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு சாக்கு. வரலாறு டிபார்ட்மென்ட் ஃப்ரெண்ட் கதை சொல்லட்டும், காமர்ஸ் ஃப்ரெண்ட் கணக்கு எழுதட்டும். ஹிஸ்டரி படித்தால் என்ன வேலை என்று கேட்கிற சித்தப்பாவுக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

மாச முடிவில் நோட்டைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க. வந்தவங்க கொடுத்த ₹100-ல் எத்தனை ரூபாய் அந்த ஊர் எல்லைக்குள்ளேயே நின்றது? எங்க முதல் ட்ரிப்பில் ராயக்கோட்டைக்கு ₹10. ரெண்டாவது ட்ரிப்பில் பெட்ரோல் போக மீதி எல்லாம் அங்கேதான்.

உங்க நம்பர் என்ன வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க. ராயக்கோட்டைப் பக்கம் போனா, முதல் நாளே போன் பண்ணிடுங்க. களி சூடா இருக்கும்!